பெரிய வீட்டில் எத்தனை கட்டில் போடலாம்?

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டன்ஹாம் மாஸி என்று ஒரு மாளிகை இருக்கிறது. முதல் உலகப்போர் நடந்தபோது, 1917 ஏப்ரலிலிருந்து 1919 ஜனவரி வரைக்கும், அதை ராணுவ ஆஸ்பத்திரியாக நடத்தினார்கள். எத்தனையோ அறைகள் இருக்கிற அந்த வீட்டில் ஆப்பரேஷன் தியேட்டரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பெரிய மாடிப்படி தொடங்குகிற இடத்தில், படிக்கு அடியில். காரணம், அதை ஒட்டி ஒரு கழிப்பறை இருந்தது, அங்கே குழாயில் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் வந்தது. அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தைக் கேட்டதுமே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் வேலை தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. ஓவியம் மாட்டிய அறையையோ தோட்டம் தெரிகிற அறையையோ அவர் தேடவில்லை. தண்ணீர் எங்கே வருகிறது என்று முதலில் பார்த்திருக்கிறார்.

சேலம் பக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலை செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும், கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், கண் தானாக அளக்க ஆரம்பித்துவிடும். இந்த ஹாலில் எத்தனை கட்டில் போடலாம், ஸ்ட்ரெச்சர் இந்த வாசலில் திரும்புமா, பெட்பேனை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்வார். மகள் மான்செஸ்டரில் இருந்த சமயம், 2015 கோடையில் நான் போயிருந்தபோது, "அம்மா, உனக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று கூட்டிப்போன இடம்தான் இந்த டன்ஹாம் மாஸி. போர் தொடங்கி நூறு வருஷம் ஆனதை ஒட்டி, அந்த வீட்டைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட்காரர்கள், பழைய ஆஸ்பத்திரி எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி கட்டில் போட்டு, விரிப்பு விரித்து, நடிகர்களை நர்ஸாகவும் சிப்பாயாகவும் நடமாடவிட்டு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் சரவிளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் சிங்க்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஏற்பாட்டின் பின்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1909-லேயே பிரிட்டனில், போர் என்று ஒன்று வந்தால் ராணுவ ஆஸ்பத்திரிகள் மட்டும் போதாது என்று யோசித்து, ஊருக்கு ஊர் தன்னார்வலர் குழுக்களை உருவாக்கி வைத்தார்கள். முதலுதவி, வீட்டில் நோயாளியைக் கவனிப்பது, இதெல்லாம் கற்றுக்கொடுத்து சான்றிதழ் தருவார்கள். விஏடி என்று மூன்றெழுத்தில் சொன்னால் அங்கே எல்லோருக்கும் தெரியும். 1914-ல் போர் வந்ததும் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் ஒரு கூட்டுக் குழு போட்டு, வீடு தருகிறோம், மண்டபம் தருகிறோம் என்று முன்வந்தவர்களிடமிருந்து கட்டடங்களை வாங்கி துணை ஆஸ்பத்திரிகளாக மாற்றினார்கள். பள்ளிக்கூடம், சர்ச் மண்டபம், நகரமன்றக் கட்டடம், ஜமீன் மாளிகை என்று 3,000-க்கும் மேல். ஒவ்வொரு துணை ஆஸ்பத்திரியும் ஒரு பெரிய ராணுவ ஆஸ்பத்திரியோடு இணைந்திருக்கும். நிர்வாகத்துக்கு ஒரு கமாண்டன்ட், சாமான்களுக்கு ஒரு குவார்ட்டர்மாஸ்டர், நர்சிங்குக்கு ஒரு மேட்ரன், மீதி வேலைக்கெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ராணுவ அலுவலகம் பணம் கொடுக்கும். பல இடங்களில் அது போதாமல் வீட்டுக்காரரும் ஊர்க்காரர்களும் கையிலிருந்து போட்டார்கள்.

உயிருக்குப் போராடுகிறவர்களை இங்கே அனுப்புவதில்லை என்பதுதான் விதி. முதல் கட்ட வைத்தியம் முடிந்து, காயம் ஆற வேண்டும், நடக்கப் பழக வேண்டும், நன்றாகச் சாப்பிட்டுத் தேற வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்கள்தான் வருவார்கள். விதி அப்படி. நடைமுறை அப்படியே இருக்காது என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்த யாருக்கும் தெரியும். டன்ஹாம் மாஸியிலேயே, அந்த மாடிப்படி அடியில், மூளைக்குள் குண்டு தைத்த ஒருவருக்கு ஆப்பரேஷன் நடந்திருக்கிறது. டாக்டர் வேலை செய்யும்போது டார்ச் பிடித்து வெளிச்சம் காட்டியது அந்த வீட்டுப் பெண் லேடி ஜேன் கிரே. சின்ன வயது, பெரிய பயிற்சி ஒன்றும் இல்லை. கரண்ட் போன ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறேன் என்பதால் அவளுடைய கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் மண்டை ஓடு திறந்த கேஸ் வேறு, அதற்கு முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தேறி வருகிற சிப்பாய்களுக்கு ஒரு சீருடை உண்டு. நீலத்தில் கோட்டும் கால்சட்டையும், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. யாருடைய அளவுக்கும் தைத்ததில்லை. கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள்ள வேண்டியதுதான், மடித்தால் உள்ளே வைத்துத் தைத்த வெள்ளைத்துணி பட்டையாக வெளியே தெரியும். பழைய போட்டோக்களில் எல்லோருடைய மணிக்கட்டிலும் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்க்கலாம். அதிகாரிகளுக்கு இந்த உடை கிடையாது, சாதாரண சிப்பாய்களுக்கு மட்டும். இதைப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு மதுக்கடைக்காரர் ஊற்றிக் கொடுத்தால் குற்றம். பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு லுங்கியோடு கேட்டைத் தாண்டி, வரும்போது பாக்கு மென்றுகொண்டு வரும் நம்ம வார்டு ஆட்களை நினைத்துக்கொண்டேன். பச்சையோ நீலமோ ஒரு சட்டை மாட்டிவிட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

இந்த மாளிகை ஆஸ்பத்திரிகளில் அதிகமாகப் பேசப்படுவது ஹைகிளேர். கார்னார்வன் பிரபுவின் மனைவி அல்மினா, போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1914 செப்டம்பரில், அங்கே ஆஸ்பத்திரி திறந்துவிட்டார். பின்னால் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தாரே, அந்தக் கார்னார்வன்தான். அல்மினாவுக்குப் பணம் கொடுத்தது கோடீஸ்வரர் ஆல்ஃபிரட் டி ராத்சைல்ட். பணத்துக்குக் குறைவில்லாததால் அங்கே வைத்தியமே ராஜ உபசாரம். நல்ல படுக்கை, இறகுத் தலையணை, நர்ஸ்களுக்கு இளஞ்சிவப்பில் உடை. ஒரு படுக்கையறையை ஆப்பரேஷன் தியேட்டர் ஆக்கினார்கள். சீமாட்டியே வார்டுக்கு வந்து தலையணையைச் சரிசெய்வார், குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவார். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நோயாளியின் தலைமாட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிற ஒருவர் வார்டில் இருந்தாலே பாதி வியாதி குறையும், நமக்கெல்லாம் அந்த நேரம் கிடைத்ததே இல்லை. 1916-ல் அவர் ஆஸ்பத்திரியை லண்டனுக்கே மாற்றிவிட்டார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கிளைவ்டன் கதை. ஆஸ்டர் குடும்பத்தின் மாளிகை அது, தேம்ஸ் நதிக்கரையில். வீட்டையே தருகிறோம் என்று அவர்கள் முன்வந்தார்கள். ராணுவத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்! எவ்வளவு தெளிவு பாருங்கள். பிறகு கனடா செஞ்சிலுவைச் சங்கம் அந்த எஸ்டேட்டில் இருந்த டென்னிஸ் கூடத்தையும் பந்து உருட்டும் கூடத்தையும் எடுத்துக்கொண்டு வார்டு போட்டது, அப்புறம் பக்கத்திலேயே கட்டடங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. மாளிகையின் தோட்டத்தில் நாற்பதுக்கும் மேல் போர்க் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

டென்னிஸ் கூடம் ஏன் சரி, மாளிகை ஏன் சரியில்லை? கூடம் என்றால் ஒரே தரைமட்டம், ஒரே நீளம், நடுவில் சுவர் இல்லை. ஒரு நர்ஸ் ஒரு மூலையில் நின்றால் எல்லாக் கட்டிலும் கண்ணில் படும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மா காலத்திலிருந்தே வார்டு என்றால் இதுதான் அமைப்பு, இரண்டு பக்கமும் ஜன்னல், நீளமான ஒரே அறை. மாளிகையில் அறைக்கு அறை கதவு, கதவுக்குப் பின்னால் இன்னொரு அறை. மூன்று பேர் படுத்திருக்கிற அறையில் ஒருவருக்கு மூச்சு இழுத்தால் அடுத்த அறையில் இருப்பவளுக்குத் தெரியாது. நைட் டியூட்டியில் ஒருத்தியை மட்டும் போட்டிருந்தால் ராத்திரி முழுக்க அறை அறையாக ஏறி இறங்கியே கால் வீங்கிவிடும்.

அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான மாளிகைகள் ஆஸ்பத்திரியாக ஓடியதே, எப்படி? வீட்டின் முன்பக்கத்தால் இல்லை, பின்பக்கத்தால்தான் என்று நான் சொல்வேன். இங்கிலாந்துப் பெரிய வீடு என்பது வெளியே பார்க்கத்தான் வீடு. பின்னால் போனால் ஐம்பது பேருக்குச் சமைக்கிற சமையல்கட்டு, தாமிர அண்டாக்களில் வெந்நீர் போட்டுத் துவைக்கிற சலவைக்கூடம், துணி உலர்த்த தனி அறை, பால் அறை, காய்கறித் தோட்டம், கரி போடுகிற அறை. வேலைக்காரர்கள் மட்டும் ஏறி இறங்குகிற பின்பக்கப் படிக்கட்டு. விருந்தாளி கண்ணில் படாமல் சுடுதண்ணீர் மேலே போகும், அழுக்குவாளி கீழே வரும். ஆஸ்பத்திரிக்கு வேண்டியதும் அதே ஏற்பாடுதானே! நடனக்கூடத்தில் கட்டில் போடுவது ஒரு நாள் வேலை. நாற்பது பேரின் விரிப்பை வாரம் முழுக்கத் துவைத்துக் காயவைத்துக் கொடுக்கிற அமைப்பை ஒரு நாளில் உண்டாக்க முடியாது. அது அங்கே ஏற்கெனவே இருந்தது.

அந்தப் பின்கட்டு ஆட்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை. சீமாட்டி நர்ஸ் உடையில் நிற்கிற போட்டோ இருக்கும், சலவைக்காரப் பெண்ணின் போட்டோ இருக்காது. விஏடி பெண்களையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் காப்பி டம்ளரைக் கூடக் கழுவியிராத பெண்கள் இங்கே வந்து மண்டியிட்டுத் தரை தேய்த்தார்கள், பெட்பேன் கழுவினார்கள், பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல். ஆனால் சம்பளம் வேண்டாம் என்று சொல்ல வசதி வேண்டும். மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் படித்து வந்த நர்ஸ்களுக்கு, நாலு வகுப்புக்குப் போய்விட்டு அதே மாதிரி உடை போட்டுக்கொண்டு சிஸ்டர் என்று அழைக்கப்பட்டவர்களைப் பார்த்து எரிச்சல் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. போர் முடிந்து 1919 டிசம்பரில்தான் நர்ஸ்களைப் பதிவு செய்கிற சட்டம் அங்கே வந்தது. அதற்காக அவர்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம்.

எங்கள் பழைய செட் நர்ஸ்கள் சேர்ந்து ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ஒருத்தியின் சொந்தக்காரர் காப்பி எஸ்டேட்டில் மேனேஜர், அவர் மூலமாக ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவில் தங்க இடம் கிடைத்தது. சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820களில். அவருடைய கிரேன்ஜ் பங்களாதான் இந்த மலையிலேயே பழையது என்பார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு, ஏதாவது ஆனால் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அதற்குள் புகுந்துகொள்ளலாம் என்று பீரங்கி வைத்துக் கோட்டை மாதிரி ஆக்கி, மாதக்கணக்குக்குச் சாமானும் சேர்த்து வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். போர்க்காலத்துக்குப் பெரிய வீடு என்கிற யோசனை இந்த மலைக்கும் புதிதில்லை.

நாங்கள் தங்கிய பங்களா அவ்வளவு பெரிதில்லை. கனமான கல் சுவர், மங்களூர் ஓடு, மூன்று பக்கமும் நீளமான வராண்டா, ஹாலில் கணப்பு அடுப்பு. மற்றவர்கள் வராண்டாவில் மிளகாய் பஜ்ஜிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் ஹாலைக் காலால் அளக்க ஆரம்பித்துவிட்டேன். பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வயதான அம்மா ஒருவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏங்கண்ணு, பங்களாவ வாங்கப் போறீங்களா? அடி அளக்கறீங்களே" என்றார். இல்லம்மா, கட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "கட்டிலுதான் உள்ள இருக்குதுங்களே" என்றார் பாவம்.

ஹாலில் ஆறு. இரண்டு கட்டிலுக்கு நடுவில் நாலடியாவது வேண்டும், இல்லையென்றால் டிரஸ்ஸிங் டிராலி நுழையாது. படுக்கையறைகளில் இரண்டிரண்டு. வராண்டாவில் வரிசையாகப் போடலாம், காசநோய்க்காரர்களைத் திறந்தவெளியில் படுக்கவைத்த காலத்தில் இதைத்தான் விரும்பியிருப்பார்கள், ஆனால் ஏற்காட்டு மழைச்சாரல் சாய்வாக அடிக்கும்போது கட்டில் முழுக்க நனையும். சமையல்கட்டு தனிக்கட்டடம், நடுவில் ஓடு போட்ட நடைபாதை. நெருப்புப் பயத்துக்காகவும் புகைக்காகவும் அப்படிக் கட்டினார்கள், ஆனால் கஞ்சி கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். வெந்நீருக்கு வெளியே விறகு அடுப்பில் பெரிய பாய்லர். அங்கிருந்து வாளியில்தான் தூக்கிவர வேண்டும்.

என்னை நிற்க வைத்தது குளியலறை. ஒவ்வொரு படுக்கையறையோடும் ஒரு குளியலறை, அதற்கு உள்கதவு ஒன்று, வெளியே தோட்டத்துப் பக்கம் திறக்கிற சின்னக் கதவு ஒன்று. அந்தச் சின்னக் கதவு தோட்டி வந்து மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு. வீட்டுக்குள் அவர் கால் படக்கூடாது, துரையின் கண்ணில் படக்கூடாது. இங்கிலாந்து மாளிகையின் பின்படிக்கட்டு எதற்கோ, அதற்குத்தான் இதுவும், இங்கே சாதியும் கூடச் சேர்ந்துகொண்டது. நர்ஸாகப் பார்த்தால் சுத்தமான துணி ஒரு வழி, அழுக்கு ஒரு வழி என்று பிரித்துவைத்த அருமையான ஏற்பாடு, இன்றைக்குக் கட்டுகிற நர்சிங் ஹோம்களில் கூட இல்லை. மனுஷியாகப் பார்த்தால் அந்தக் கதவைத் திறக்கவே கை வரவில்லை. இப்போது அதைப் பலகை வைத்து அடைத்து கீசர் மாட்டியிருக்கிறார்கள்.

மொத்தம் பன்னிரண்டு கட்டில் என்று முடிவு செய்தேன். ஆனால் துணி? மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு துண்டு காய மூன்று நாள் ஆகும். பன்னிரண்டு பேருக்கு விரிப்பு, டிரஸ்ஸிங் துணி, உடுப்பு எல்லாம் எங்கே காயும்? அந்த அம்மாவிடம் கேட்டேன். அடுப்பங்கரையில் கயிறு கட்டிக் காயவைப்போம், எல்லாத்துலயும் புகை நாத்தம் அடிக்கும் என்றார். அப்போதே என் ஆஸ்பத்திரி மூடப்பட்டது.

இதெல்லாம் விளையாட்டு. ஆனால் 2021-ல் விளையாட்டாக இல்லை. இரண்டாம் அலையில் என்னைப் போட்டது ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடைதான் நர்ஸ் ஸ்டேஷன், பின்னால் மின்னுகிற தோரணம் அப்படியே இருந்தது, கழற்ற ஆள் வரவில்லை. மணமகள் அறையில் நாங்கள் கவச உடை மாட்டிக்கொண்டோம், கண்ணாடியைச் சுற்றி பல்பு எரிய. ஹால் நன்றாக இருந்தது, காற்றோட்டம் இருந்தது, ஒரே பார்வையில் எல்லோரும் தெரிந்தார்கள். பிரச்சினை என்ன என்றால் கழிப்பறை முழுக்க கீழே, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால். ஆக்சிஜன் அளவு இறங்குகிற ஒருவர் பத்தொன்பது படி இறங்கி, கூடத்தைக் கடந்து போய், மறுபடி ஏறி வர வேண்டும். போகும்போது 93 காட்டிய விரல் திரும்பி வரும்போது 86 காட்டும். அப்புறம் பக்கெட்டும் தட்டியும் வைத்து மேலேயே மறைவு கட்டினோம். அதைச் சுத்தம் செய்ய வந்த ஆயாம்மா ஒருவர் அந்த அலை முழுக்க லீவே எடுக்கவில்லை. கலெக்டர் வந்தபோது எடுத்த போட்டோவில் அவர் இல்லை.

அந்த 2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கை போட்டார்கள். முதலமைச்சர் வந்து திறந்துவைத்தார். எங்கே ஆக்சிஜன் இருக்கிறதோ அங்கே கட்டிலைக் கொண்டுபோகிற யோசனை. மாடிப்படி அடியில் வெந்நீர்க் குழாயைத் தேடிய ஆளும் இதைத்தானே செய்தார்!

இந்தியச் சிப்பாய்களுக்காக மாளிகையை ஆஸ்பத்திரி ஆக்கிய கதையும் ஒன்று உண்டு. பிரைட்டனில் ராயல் பெவிலியன் என்று அரச குடும்பம் கட்டிய அரண்மனை, வெளியே பார்த்தால் வெங்காயக் கோபுரமும் மினாரும். 1914 டிசம்பரிலிருந்து 1916 ஜனவரி வரைக்கும் அதையும் பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்து 724 படுக்கைகளில் பிரான்ஸ் போர்முனையிலிருந்து வந்த இந்தியர்களைப் படுக்கவைத்தார்கள். அரண்மனையின் பெரிய சமையலறை ஆப்பரேஷன் தியேட்டர் ஆயிற்று. இங்கேயும் பாருங்கள், தண்ணீரும் கழுவக்கூடிய தரையும் எங்கேயோ அங்கேதான். சமையலுக்கு வெளியே ஒன்பது அடுப்பங்கரை, மதத்துக்கும் உணவுப் பழக்கத்துக்கும் தனித்தனியாக. இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். இந்த மாதிரி விஷயத்தில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், வெள்ளைக்கார நர்ஸ் பெண்கள் இந்தியச் சிப்பாயைத் தொட்டுக் கவனிப்பதற்கு மட்டும் தடை போட்டார்கள். படுக்கையில் படுத்திருந்தவர்களின் போட்டோவைப் போஸ்ட் கார்டாக அச்சடித்து, பாருங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று இந்தியாவுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அங்கே படுத்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்காக்கள், கர்வாலிகள். நம் பக்கத்து மதராஸ் சாப்பர்கள், அதாவது பாலமும் பாதையும் போடுகிற ராணுவப் பிரிவினர், பெரும்பாலும் போனது மெசபடோமியாவுக்கும் (இன்றைய ஈராக்) கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். அந்தப் பக்கம் அடிபட்டவர்களை ஏற்றிவர, சென்னை மாகாணத்தில் ஜனங்களிடம் நிதி திரட்டி, 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்து ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றை 1914-ல் அனுப்பினார்கள், பென்ட்லண்ட் பிரபு கவர்னராக இருந்த காலத்தில். டன்ஹாம் மாஸியில் பெரிய வரவேற்பறையில் போட்ட வார்டுக்குப் பெயர் என்ன தெரியுமா? பாக்தாத். 1917 மார்ச்சில்தான் பாக்தாத்தைப் பிடித்திருந்தார்கள், அடுத்த மாதம் ஆஸ்பத்திரி திறந்தார்கள், அந்தச் சூட்டில் வைத்த பெயர். அந்தப் பாக்தாத்துக்குப் போன படையில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்று நான் சொன்னதும், அங்கே நர்ஸ் வேஷத்தில் இருந்த பெண் கொஞ்ச நேரம் வேஷத்தை மறந்து நின்று கேட்டாள்.

இப்போதெல்லாம் என்னை வீடு பார்க்கக் கூப்பிடுகிறார்கள். வாங்க இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு, டிஸ்சார்ஜ் ஆகி வருகிறார், வீட்டில் எங்கே படுக்கவைப்பது என்று கேட்பார்கள். சேலத்தில் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் எல்லாம் படுக்கையறை மாடியில், கீழே ஹாலும் பூஜையறையும் கார் நிறுத்த இடமும். மாடியில் நல்ல ஏசி ரூம் இருக்கிறது சிஸ்டர் என்பார்கள். வேண்டாம் கண்ணு, ஹால்லயே போடு என்பேன். சோபாவை எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கக் கழிப்பறையிலிருந்து ஏழெட்டு அடிக்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில், தலைமாடு சுவரில் ஒட்டாமல். வருகிறவர் போகிறவர் பார்ப்பார்களே என்று தயங்குவார்கள். பார்க்கட்டும், பேச்சுத்துணை ஆகும். அப்புறம் கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு வெளிப்பக்கமாக மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவோரமாகவே கிடப்பார், வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். கீலைப் பிடுங்கி மாற்றி அடிக்க அரைநாள் வேலை.